நான்காம் அத்தியாயம்: சூடேறாத லாரி

மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வர வழியிருந்தால், கன்னியப்பன் அன்று காலை அதை வேலூரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பான். அதற்கு வழியில்லாததால் அதையும் சுமந்துகொண்டு, ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருக்கும் சுப்பராயனின் தோல் கிடங்குக்குள் நுழைந்தான். ஒரு பக்கம் சுண்ணாம்புத் தொட்டிகளில் மாட்டுத் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் தோலிலிருந்து சுரண்டி எடுத்த ரோமமும் கொழுப்பும் குவிந்து கிடக்க, அதன்மேல் காக்கைகள் சண்டை போட்டன. இதெல்லாம் அந்தக் கிடங்கின் தினப்படி நாற்றம். அன்று அதையும் அமுக்கிக்கொண்டு வேறொரு நாற்றம் எழுந்தது. மதில் ஓரமாக ஒரு லாரி லோடு பச்சைத் தோல் அழுகிப்போய்க் கொட்டிக் கிடந்தது. புழு வைத்துவிட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

"சார், நம்ம சம்பளத்துல மூக்குக்குத் தனியா படி உண்டா?" என்று கேட்டான்.

"வாயை மூடிக்க. தொறந்தா ஈ உள்ள போய்டும்," என்றார் வேதாசலம்.

வேதாசலம் வேலூரில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். மகா யுத்தத்தில் பஸ்ராவில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அங்கே மனிதர்கள் நடந்துகொண்ட லட்சணத்தைப் பார்த்தபின் இஞ்சின்களை மட்டும் நம்புவது என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார். கன்னியப்பன் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவன். நாடக முதலாளி ஒருநாள் திரைச்சீலை உட்பட எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட, அவரைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி வேதாசலத்திடம் வந்தவன் அங்கேயே உதவியாளாகத் தங்கிவிட்டான். அந்த முதலாளி இன்றுவரை அகப்படவில்லை. வேதாசலம் தன் திறமையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் கன்னியப்பன் இதை ஞாபகப்படுத்துவான்.

அவர்கள் வந்த காரியம் இதுதான். முந்தின நாள் சவுரியம்மாள் என்ற பெண் வேலூருக்கு வந்து அவர்களைப் பார்த்தாள். பதமான தோலின் ஓரங்களை வெட்டிச் சீராக்குவது இதே கிடங்கில் அவளுக்கு வேலை. அவள் புருஷன் இருதயராஜ் சுப்பராயனின் லாரிக்கு டிரைவர். சோளிங்கர் பக்கத்துச் சந்தைகளில் வாங்கிய பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டு வந்த அவனுடைய லாரி, இன்னும் கொஞ்ச தூரமே பாக்கி இருக்கையில் மாதனூரில் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. சுப்பராயன் போகவர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஊற்றி அனுப்புவார். ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. மழைக்காலத்திலிருந்தே லாரி பெட்ரோலை அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு ஏற்கெனவே உறுத்தல்; இந்த முறை கூடுதலாகக் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பியிருந்தார். டிரைவர் வழியில் விற்றுத் தின்கிறான் என்று தீர்மானம் பண்ணிவிட்டார்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் கன்னியப்பனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. தோலை இறக்கிவர மாட்டுவண்டி அனுப்புவதற்கு முன்னால், இருதயராஜை அடிக்க ஆள் அனுப்பினார். அடித்து இழுத்துவந்தவனைக் கிடங்கு முற்றத்தில் நிறுத்தி, வேலையாட்கள் அத்தனை பேரையும் கூட்டி, இவன் திருடன் என்று சொன்னார். பிறகு போலீஸில் ஒப்படைத்தார். இவ்வளவும் நடந்து முடிகிறவரை தோல் மாதனூர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

நாளைக்கு இருதயராஜை வேலூர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். சவுரியம்மாள் இதையெல்லாம் சொல்லும்போது அழவில்லை. அவர் எடுத்திருந்தால் ஜெயிலுக்குப் போகட்டும், எடுக்காதவரைத் திருடன் என்று நாலு பேர் நடுவில் சொன்னது தப்பு, என் பிள்ளைகள் அந்தப் பேரோடு இந்த ஊரில் வளர முடியாது என்றாள். வேதாசலம் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த லாரி இப்போது எங்கே?

மாதனூரிலிருந்து இழுத்துவந்த லாரி கொட்டகையில் நின்றது. பச்சைத் தோலுக்குப் பொறுப்பான மேஸ்திரி அப்துல் ஹமீத், முதலாளி வருகிறவரை இவர்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பதற்காகப் பக்கத்திலேயே நின்றார். வெள்ளைத் தாடி வைத்த, அதிகம் பேசாத மனிதர். துப்பறிகிறவர்கள் கீழே கிடக்கும் சட்டைப் பொத்தானையும் பீடித் துண்டையும் தேடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். வேதாசலமோ நேரே லாரியின் பின்புறம் போய்ப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டார். வெளியே வந்த விரல் கன்னங்கரேலென்று இருந்தது. அதைக் கன்னியப்பனின் சட்டைக் கையில் துடைத்தார்.

"இதுலேருந்து இன்னா தெரியுது உனக்கு?"

"சட்டை என்னுதுன்னு தெரியுது."

அடுத்து இஞ்சினின் மூடியைத் தூக்கி, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கம்பியை உருவினார். ஆயில் கோட்டைத் தாண்டி மேலே நின்றது. கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டார். அப்துல் ஹமீத் யோசித்தார். ஊற்றி ரொம்ப நாளாகிறது, இந்த வண்டி ராசியான வண்டி, ஆயில் குறைவதே இல்லை, சில சமயம் தானாகவே ஏறியிருக்கிறது, இருதயராஜ் இதைப் பெருமையாகச் சொல்லுவான் என்றார்.

"சார், அப்படியொரு வண்டி எனக்கும் வேணும். நெய் ஊத்தி ஓட்டிக்கறேன்," என்றான் கன்னியப்பன்.

வேதாசலம் கம்பியை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, என்ன வாசனை என்றார். கன்னியப்பன் முகர்ந்து பார்த்தான். மாடு தெரிந்தது. சுண்ணாம்பு தெரிந்தது. மதில் ஓரத்துக் குவியல் தெரிந்தது. இந்த முற்றத்தில் ஒரு மனிதன் மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நின்றாலும் இதே மூன்றுதான் தெரியும். அவன் கையை விரித்ததும் வேதாசலம் தலையாட்டினார். இத்தனை மாதமாக எவர் மூக்குக்கும் இது எட்டாததில் ஆச்சரியமில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒரு கந்தைத் துணியை அந்த ஆயிலில் நனைத்து, வெளியே எடுத்துப்போய்த் தரையில் போட்டு நெருப்புக்குச்சி கிழித்து வைத்தார். வெறும் ஆயிலாக இருந்தால் முனகி முனகித்தான் பற்றும். இது குப்பென்று பிடித்தது. கன்னியப்பன் பின்னால் குதித்தான்.

"காணாமப் போன பெட்ரோல்ல கொஞ்சம் இங்க இருக்கு. மிச்சம் புகையாப் போய்ட்டுது," என்றார் வேதாசலம்.

"அப்ப இஞ்சினுக்குத்தான் விலங்கு மாட்டணும்."

"இஞ்சின் பாவம். அதுக்கு உடம்பு சரியில்ல."

பிறகு அவர் வழக்கத்துக்கு விரோதமாக நிதானமாக விளக்கினார். ஈர விறகை அடுப்பில் வைத்தால் பாதி எரியும், பாதி புகையும். எத்தனை விறகு வைத்தாலும் போதாது. சூடேறாத இஞ்சினுக்குள் பெட்ரோலின் கதியும் அதேதான். எரிகிறது பாதி, கரியாகப் போகிறது கொஞ்சம், அப்படியே வழிந்து ஆயிலோடு கலக்கிறது கொஞ்சம். இஞ்சின் திக்குகிறதே என்று டிரைவர் இன்னும் பெட்ரோலை இழுத்து இழுத்து விடுவான். மனுஷனுக்குக் காய்ச்சல் அடித்தால் எல்லோரும் பதறுகிறார்கள், உடம்பு ஜில்லிட்டுப் போனாலும் அது சாவுக்கு அடையாளம்தான் என்பதை இந்த லாரி விஷயத்தில் யாரும் நினைக்கவில்லை என்றார்.

ஆம்பூரிலிருந்து தகரத்தில் கொண்டுவந்திருந்த பெட்ரோலை ஊற்றி இஞ்சினைக் கிளப்பினார்கள். அது இருமி இருமி ஓடியது. கறுப்புப் புகை கொட்டகையை நிறைத்தது. தோல் நாற்றத்தோடு அந்தப் புகையும் சேர்ந்தபோது கன்னியப்பன் தன் தாயார் தன்னைப் பெற்றதன் காரணத்தைப் பற்றி யோசித்தான். ஒரு மனிதன் நிதானமாகச் சாப்பிட்டு எழுகிற நேரம் ஓடவிட்டபின், ரேடியேட்டரில் கையை வைக்கச் சொன்னார் வேதாசலம். சுட்டுவிடும் என்று பயந்து விரல் நுனியை வைத்தான். பிறகு உள்ளங்கையை வைத்தான். பிறகு கன்னத்தையே வைத்தான்.

"மண்பானைத் தண்ணி மாதிரி இருக்குது சார்."

வேதாசலம் இஞ்சினை நிறுத்தினார். இந்த மாதிரி லாரிகளில் இஞ்சினின் தலையில் தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு சின்னப் பித்தளை வால்வு இருக்கும். தண்ணீர் சூடேறுகிறவரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து நிற்கும், சூடேறியதும் தானே திறந்து வழிவிடும். அது இருந்திருந்தால் இப்படிப் பானைத் தண்ணீராக இருக்காது. திருகுசாவியை எடுத்து அந்த வாயின் மூடியைக் கழற்றினார். எதிர்பார்த்தபடியே வால்வைக் காணோம். மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு வளையம் வைத்திருப்பார்கள். கம்பெனி வைத்த கார்க் வளையத்துக்குப் பதில் அங்கே வேறொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

தோலில் அறுத்த வளையம்.

"பட்டறைக்காரன் வேலை இல்ல இது," என்றார் வேதாசலம் மெதுவாக. "அவன் அட்டையை வைப்பான். தோல் கிடங்கு ஆளு எவனோ வால்வைத் திருடியிருக்கான். டிரைவருக்குக் குழி பறிக்கணும்னே செஞ்ச வேலை."

வளையத்தின் வெளி விளிம்பு ஒரே இழுப்பில் அறுபட்டிருந்தது. உள் விளிம்பும் அப்படியே, எங்கேயும் கத்தி தடுமாறவில்லை. நல்ல கை. கன்னியப்பன் ஓரக்கண்ணால் மேஸ்திரியைப் பார்த்தான். அப்துல் ஹமீத் அந்த வளையத்தைப் பார்த்ததும் தாடியைத் தடவுவதை நிறுத்திவிட்டார். முகம் வெளுத்திருந்தது. வேதாசலமும் அதைக் கவனித்துக்கொண்டார்.

சுப்பராயன் காரில் வந்து இறங்கினார். கூடவே சப்-இன்ஸ்பெக்டரையும் அழைத்து வந்திருந்தார். தடித்த மனிதர், ஜரிகை அங்கவஸ்திரம், விரல்களில் மோதிரம். வேதாசலம் சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. வால்வு இல்லையென்றால் இப்போது வந்து மூடியைக் கழற்றிய இவர்கள்தான் எடுத்திருக்க வேண்டும், அந்தப் பொம்பளை கொடுத்த காசுக்கு நாடகம் ஆடுகிறார்கள் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார். நாடகம் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னியப்பனுக்கு ரோஷம் வந்தது. வேதாசலம் கண்ணாலேயே அவனை அடக்கிவிட்டு, வெளியே இருக்கும் டீக்கடைக்குப் போய்ப் பேசலாமே, இங்கே ஐயாவுக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டரைக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் முன்னால் வெளியே நடந்தார்.

டீக்கடையில் கொதிக்கும் டீக் கொப்பரையைச் சுற்றி நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளை. கிடங்கிலிருந்து வேலையாட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் சவுரியம்மாளும் இருந்தாள். கன்னியப்பன் அந்தக் கொப்பரையிலிருந்து ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். காலையிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வாசனை அது.

வேதாசலம் தோல் வளையத்தைச் சுப்பராயனின் உள்ளங்கையில் வைத்தார். எதிர்ப்பும் காட்டவில்லை, வாதமும் செய்யவில்லை. தோலைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, இந்தச் சுற்று வட்டாரத்தில் தோல் பார்க்கத் தெரிந்தவர் முதலாளிதான் என்கிறார்கள், இது என்ன தோல் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று மட்டும் பணிவாகக் கேட்டார்.

சுப்பராயனால் சும்மா இருக்க முடியவில்லை. விரலில் உருட்டினார், மடித்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். ஆட்டுத் தோல், ஆவாரம்பட்டையில் பதம் பண்ணினது, இவ்வளவு மிருது வேறு எங்கேயும் வராது, என் கிடங்குச் சரக்குதான் என்றார்.

"தண்ணியில எவ்ளோ நாளா இருந்திருக்கும் மொதலாளி?"

"பார்த்தாலே தெரியுதே. துருவேறி உள்ள வரைக்கும் கறுத்திருக்குது. மழைக்காலத்துலேருந்து இருந்திருக்கும்."

"கொதிக்கிற தண்ணி பட்டிருக்குமா?"

"கொதிதண்ணி பட்டா இப்படியா இருக்கும்? சுருண்டு கட்டையாப் போயிருக்காதா?"

சொல்லி முடித்தபின்தான் சுப்பராயனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கு இன்னும் புரியவில்லை. அவர் தோல்காரர் இல்லை. ஆகவே வேதாசலம் வளையத்தை வாங்கி, பாதியை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறு பாதியைக் கொப்பரைக்குள் போட்டார். டீக்கடைக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டான். கன்னியப்பன் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தான். குடித்த ஒரு வாயும் திரும்பி மேலே வந்தது. சற்றைக்கெல்லாம் கரண்டியால் அந்தத் துண்டை எடுத்தபோது அது கருகின மிளகாய் போல முறுக்கிக்கொண்டு, தட்டினால் சத்தம் வரும்படி இருந்தது.

இந்த வளையம் மழைக்காலத்திலிருந்து இஞ்சினுக்குள் இருந்தது என்று முதலாளியே சொல்லிவிட்டார் என்றார் வேதாசலம். அத்தனை மாதமும் அங்கே இருந்தும் மிருதுவாகவே இருக்கிறதென்றால், அத்தனை மாதமும் தண்ணீர் ஒருநாளும் சரியாகச் சூடேறவே இல்லை. பெட்ரோலைக் குடித்தது இஞ்சின். இருதயராஜ் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் அந்த முறுக்கின துண்டை வாங்கிப் பார்த்தார், சுப்பராயனைப் பார்த்தார். முகத்தில் கொஞ்ச நஞ்சம் இருந்த மரியாதை போய்விட்டது.

கன்னியப்பன் இதோடு வேலூர் திரும்பலாம் என்று சந்தோஷப்பட்டான். ஆனால் வேதாசலத்துக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. வால்வை எடுத்தவன் யார் என்பது பாக்கி என்றார். தோல் தெரிந்தவன், லாரியை நெருங்க உரிமையுள்ளவன், வளையத்தைக் கண்டதும் முகம் வெளுத்தவன் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய் அப்துல் ஹமீதின் முன்னால் நின்றார். கூட்டம் முணுமுணுத்தது. மேஸ்திரி தன்மேல் விழுந்த பழியை மறுக்கவில்லை. அவர் பார்வை கூட்டத்துக்குள் எங்கேயோ போய் மறுபடி தரைக்குத் திரும்பியது.

"அவர விடுங்க ஐயா," என்றாள் சவுரியம்மாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அத நான்தான் அறுத்தேன்."

வேதாசலம் திரும்பினார். துப்பறிகிறவர் முகம் அப்படிக் காலியாக இருந்ததைக் கன்னியப்பன் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதை வைத்துக் கிண்டல் பண்ணியிருப்பான். கட்சிக்காரியே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அப்புறம் என்ன துப்பு, என்ன கிண்டல்.

அவள் மறைக்காமல் சொன்னாள். மழைக்காலத்தில் ஒருநாள் இருதயராஜ் ஓரம் வெட்டும் கொட்டகைக்கு வந்து, கிழிந்த கார்க் வளையம் ஒன்றைக் காட்டி, இதே அளவில் தோலில் ஒன்று அறுத்துக் கொடு என்றான். அறுத்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்டதற்கு, வண்டிச் சூட்டைக் குறைக்க என்றான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இப்போது இந்த ஐயா தண்ணீர் சூடேறவே இல்லை என்று சொன்னபோதுதான் மிச்சமெல்லாம் விளங்கிற்று. சொன்னால் புருஷன் முதலாளி வண்டியில் கைவைத்தவன் ஆகிறான், சொல்லாவிட்டால் மேஸ்திரி திருடன் ஆகிறார். ஒருத்தர் மேலிருந்து பழியை எடுத்து இன்னொருத்தர் மேல் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்குப்பின் அப்துல் ஹமீத் பேசினார். வளையத்தைப் பார்த்ததுமே அது யார் கை என்று தனக்குத் தெரிந்துவிட்டதென்றார். காரணமும் தானேதான் என்றார். அந்த மழைக்காலத்தில் ஒரு லோடில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தோல்கள் வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தன. தொட்டால் ரோமம் கையோடு வந்தது. பச்சைத் தோலுக்குச் சூடு ஆகாது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். தொழிலில் பாதி, தோலைச் சூடேறாமல் காப்பாற்றுவதுதான். இஞ்சின் சூடுதான் தோலுக்குப் போகிறது, அதை எப்படியாவது குறை என்று இருதயராஜைத் திட்டினார். அவன் வேலூர்ப் பட்டறையில் விசாரித்து வால்வைப் பிடுங்கினான். அது போதாதென்று, நிற்கிற இடத்திலெல்லாம் ரேடியேட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். அதிலிருந்து ஒரு லோடும் கெடவில்லை.

"வண்டி ஜில்லுன்னு வருதேன்னு நான் சந்தோஷப்பட்டேன். பெட்ரோலுக்கும் அதுக்கும் சம்பந்தம்னு எனக்கு எங்க தெரியும், அவனுக்குத்தான் எங்க தெரியும்," என்றார் மேஸ்திரி. பிறகு சுப்பராயனைப் பார்த்தார். "மொதலாளி, நீங்களும்தான் சந்தோஷப்பட்டீங்க. கிறிஸ்மஸுக்கு அவனுக்குப் புதுச் சட்டை எடுத்துக் குடுத்து, என் லாரி மாதிரி குளுமையா சரக்கு கொண்டார்ற வண்டி இந்த ஜில்லாவுல இல்லன்னு சொன்னீங்க."

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவர்களும் அங்கே இருந்து கேட்டவர்கள்தான்.

சூட்டிலிருந்து தோலைக் காப்பாற்றப்போய் இஞ்சினைக் குளிரவைத்து, குளிர்ந்த இஞ்சின் பெட்ரோலைக் குடித்து, பெட்ரோல் இல்லாமல் வண்டி நின்று, கடைசியில் அந்தத் தோல் வெயிலிலேயே வெந்து போயிற்று. இதில் திருட்டு எங்கேயும் இல்லை. முட்டாள்தனம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு இருந்தது. அடிக்க ஆள் அனுப்பின முட்டாள்தனம் மட்டும் ஒருத்தருக்கே முழுதாகச் சேர்ந்தது.

சுப்பராயன் வெகுநேரம் யோசித்தார். ஒரு ஏழைக் குடும்பத்துக்குச் செய்ததை நினைத்து வருந்துகிறார் என்றுதான் கன்னியப்பன் நம்பினான். கடைசியில் அவர் வேதாசலத்திடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அந்த ஆயில்ல கலந்திருக்கிற பெட்ரோல மறுபடியும் பிரிச்செடுக்க முடியுமா?"

கன்னியப்பனுக்குக் காலையிலிருந்து எத்தனையோ தரம் குமட்டியிருந்தது. சுண்ணாம்புக்கும் புழுவுக்கும் குமட்டியதெல்லாம் உடம்போடு போயிற்று. இது அப்படி இல்லை. இந்த மனிதனோடு ஒரே காற்றை மூச்சுவிடுகிறோமே என்று அருவருத்து, கையிலிருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், இருதயராஜ் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றும், இதோடு இதை எல்லோரும் மறந்துவிடலாம் என்றும் சுப்பராயன் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பெரிய மனது பண்ணுகிற தோரணையில் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அத்தோடு முடிந்தது என்று சுப்பராயன் காரை நோக்கி நடந்தபோது சவுரியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"முத்தத்துல வச்சு எல்லாருக்கும் முன்னால அவர திருடன்னு சொன்னீங்க மொதலாளி. இல்லன்னு சொல்றதயும் அங்கேயே வந்து சொல்லுங்க."

சுப்பராயன் சிரிக்கப் பார்த்தார். அதற்கு என்ன அவசியம், புகாரே இல்லையென்று ஆனபின் திருடன் எங்கே இருக்கிறான் என்றார். அவள் நகரவில்லை. வேதாசலம் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, பொய்ப் புகார் கொடுத்தவர் பேரில் சட்டம் என்ன செய்யும், தெருவில் வைத்து ஆளை அடிக்கச் சொன்னவர் பேரில் என்ன செய்யும் என்று சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். சப்-இன்ஸ்பெக்டரும் சும்மா தெரியப்படுத்துவதற்காக நிதானமாக, ஒவ்வொரு பிரிவாக எடுத்துச் சொன்னார். சுப்பராயன் கிடங்குப் பக்கம் திரும்பினார்.

இருதயராஜைக் கொண்டுவந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நடக்கும்போது ஒரு காலை இழுத்தான். சவுரியம்மாள் போய்ப் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. அவன் முதலாளியையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. மதில் ஓரத்துக் குவியலைப் பார்த்தான்.

"எல்லாமே போய்ட்டுதா பாய்?" என்று மேஸ்திரியைக் கேட்டான்.

"எல்லாம் போய்ட்டுது," என்றார் அப்துல் ஹமீத்.

உச்சி வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. குவியலிலிருந்து நாற்றம் அலை அலையாக வந்தது. தினமும் இதிலேயே புழங்குகிறவர்கள்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுடைய புருஷனை அன்று நிறுத்திய இடம் குவியலுக்குப் பக்கத்தில்தான் என்று சவுரியம்மாள் காட்டினாள். சுப்பராயன் அத்தர் போட்ட கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு அங்கே போய் நின்று, துணிக்குள்ளேயே எதையோ சொன்னார்.

"காதுல விழல மொதலாளி," என்றாள் சவுரியம்மாள். "துணிய எடுத்துட்டுச் சொல்லுங்க."

அவர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை கீழே இறங்கியது. சுப்பராயனின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இத்தனை வருஷமாக இந்தக் கிடங்கு சம்பாதித்துக் கொடுத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரே தவிர, வாயைத் திறந்துகொண்டு இதன் நடுவில் நின்றதில்லை என்பது கன்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இருதயராஜ் திருடல," என்றார். "அவன் திருடன் இல்ல. நான் சொன்னது தப்பு."

சொல்லிவிட்டு அவசரமாகக் கைக்குட்டையைத் தூக்கினார். முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. சவுரியம்மாள் கூட்டத்தின் கடைசி வரிசைவரை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க. கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சுப்பராயன் கைக்குட்டையை இறக்கினார். உரக்கச் சொல்ல வேண்டுமானால் நெஞ்சு நிறைய மூச்சு வேண்டும். வேறு வழியில்லாமல் அதை அந்தக் காற்றிலிருந்தே இழுத்தார்.